300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபையர்: வாட்டைப் பார்ப்பதா, வோல்ட்டைப் பார்ப்பதா?

கார்வை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோனை அண்மையில் வாங்கியிருக்கிறேன். அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு, 300 ஓம். நான் பெரும்பாலும் கேட்பவை பழைய கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். வானொலியிலிருந்தும் சபா மேடைகளிலிருந்தும் ஒலிநாடாவில் பதியப்பட்டு, பிற்பாடு கணினிக்கு மாற்றப்பட்டவை அவை. மடிக்கணினியில் நேரடியாகச் செருகிக் கேட்கும்போது, ஒலியளவை முழுவதும் ஏற்றியும் ஆலாபனைப் பகுதிகளில் பாடகரின் குரல் எட்டத்தில் இருப்பது போலவே கேட்கிறது. அதே மடிக்கணினியில் இக்காலத் திரைப்பாடல்களைப் போட்டால் ஒலி போதுமானதாக இருக்கிறது.

விசாரித்தவர்களிடம் மூன்று விதமான விடைகள் கிடைத்தன. 300 ஓம் என்றால் குறைந்தது 1 வாட் தரும் மேசை ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றார் ஒருவர். இந்த ஹெட்ஃபோனுக்கு வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரே பொருத்தம் என்றார் இன்னொருவர். தொலைபேசியில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் சிறு டாங்கிளே போதும், மற்றவை வீண் செலவு என்றார் மூன்றாமவர். மூவரும் அனுபவம் உள்ளவர்கள் என்பதால் யாரையும் தள்ளிவிட மனம் வரவில்லை. எந்தப் பொருளை வாங்கலாம் என்பதைவிட, எதை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சால்டர்வாசம் எழுதியது:

வணக்கம் கார்வை. ஓம் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, காதுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். கச்சேரியைச் சராசரியாக 75 டெசிபல் அளவில் கேட்பவருக்கு, மிருதங்கத்தின் ஓங்கிய சொற்கள் விழும் கணங்களில் அதைவிட 20 டெசிபலோ அதற்குச் சற்று மேலோ தேவைப்படும். ஆகவே, உச்சத்தில் 110 டெசிபலைச் சிதையாமல் எட்டும் ஏற்பாடு இருந்தால் எந்த இசைக்கும் தாராளம்.

எச்டி 600 ஹெட்ஃபோனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 97 டெசிபல் கிடைக்கும். 110ஐ எட்ட இன்னும் 13 டெசிபல் வேண்டும். 13 டெசிபல் என்பது திறனில் 20 மடங்கு. எனவே தேவைப்படுவது 20 மில்லிவாட், அதாவது 1 வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த 20 மில்லிவாட்டை 300 ஓமுக்குள் செலுத்த எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? திறனை மின்மறுப்பால் பெருக்கினால் 6. அதன் வர்க்கமூலம் 2.45 வோல்ட். ஓடும் மின்னோட்டமோ 8 மில்லி ஆம்பியர்தான்.

இதையே 32 ஓம் மின்மறுப்பும் மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் உணர்திறனும் கொண்ட ஓர் இயர்ஃபோனுக்குப் போட்டுப் பாருங்கள். 110 டெசிபலுக்கு 3.2 மில்லிவாட், 0.32 வோல்ட், 10 மில்லி ஆம்பியர். மின்னோட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மின்னழுத்தத்தில் ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாடு இருக்கிறது. உயர் மின்மறுப்பு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரிடம் கேட்பது வோல்ட்டைத்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

வாட் கணக்கு உண்மையிலேயே பொருந்தும் ஹெட்ஃபோன்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனர் (தட்டையான சவ்விலேயே கடத்தி பதிந்த வகை) ஹெட்ஃபோனின் மின்மறுப்பு 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் 83.5 டெசிபல். அதில் 110 டெசிபல் பெற ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும், 4.7 வோல்ட்டோடு 95 மில்லி ஆம்பியரும் சேர்ந்து தேவைப்படும். ஓம் எண் சிறியது என்பதால் அதை எளிதில் இயக்கிவிடலாம் என்று கருத முடியாது. ஓம் எண்ணை மட்டும் வைத்து இயக்கக் கடினமானது, எளிதானது என்று பிரிப்பதை நாம் கைவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

விவரக் குறிப்பைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எச்டி 650 ஹெட்ஃபோனுக்கு 103 டெசிபல் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அது எச்டி 600ஐ விட 6 டெசிபல் உரக்க ஒலிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். முன்னது 1 வோல்ட்டுக்கான அளவு, பின்னது 1 மில்லிவாட்டுக்கான அளவு. 300 ஓமில் இந்த இரண்டுக்கும் இடையே 5.2 டெசிபல் இடைவெளி உண்டு. அதைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு அருகில் வந்துவிடுகின்றன.

ஆம்ப்ளிஃபையர்களின் விளம்பரத்தில் 32 ஓமில் இத்தனை மில்லிவாட் என்று பெரிதாக அச்சிடுவார்கள். 2 வோல்ட் தரும் டாங்கிள் 32 ஓமில் 125 மில்லிவாட் தரும், 300 ஓமில் 13 மில்லிவாட்தான் தரும். திறன் சரிந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்; மின்னழுத்தம் அதே 2 வோல்ட்தான். எச்டி 600 அந்த 2 வோல்ட்டில் 108 டெசிபல் ஒலிக்கும்.

இரவுக்கேட்பு எழுதியது:

சால்டர்வாசம் அண்ணா, ஒரு கேள்வி. நான் கல்லூரி மாணவன். பேயர்டைனமிக் டிடி 990 புரோ 250 ஓம் வைத்திருக்கிறேன், தொலைபேசியில்தான் கேட்கிறேன். தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் இவ்வளவு குறைந்த மின்னழுத்தமே தரும் என்றால், நிறுவனங்கள் ஏன் இன்னும் 250, 300, 600 ஓம் என்று செய்கின்றன? எல்லாவற்றையும் 32 ஓமில் செய்துவிட்டால் இந்தச் சிக்கலே இராதல்லவா?

மிக்ஸர்மேடை எழுதியது:

தம்பி, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்கிறேன். ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து பாடகர், வயலின், மிருதங்கம், பதிவாளர் என்று பலருக்கு இணையாக ஹெட்ஃபோன் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் கூடங்களில் நெடுங்காலமாக உண்டு. 32 ஓம் ஹெட்ஃபோன்கள் நான்கை இணையாக மாட்டினால் ஆம்ப்ளிஃபையருக்கு 8 ஓம் சுமை. 600 ஓம் நான்கை மாட்டினால் 150 ஓம். பின்னதை எந்த ஒலிக்கலவை மேசையும் சலிக்காமல் இயக்கும். ஒலிப்பதிவுக் கூடத்து இயந்திரங்கள் நிலையான மின்வழங்கியில் ஓடுபவை; அவற்றுக்கு வோல்ட் பஞ்சம் கிடையாது.

இன்னொரு காரணம் சுருளின் அமைப்பு. மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினால் மின்மறுப்பு உயரும், கம்பிகளுக்கு இடையே வீணாகும் இடம் குறையும், அசையும் பகுதியின் எடையை வடிவமைப்பாளர் தம் விருப்பத்துக்கு நிர்ணயிக்க முடியும். இதனால் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பதில் வடிவமைப்பாளர்களே ஒருமித்த கருத்தில் இல்லை. சென்ஹைசர் 2017இல் எச்டி 660 எஸ் மாதிரியை 150 ஓமுக்கு இறக்கியது; 2023இல் அதன் அடுத்த பதிப்பை மறுபடியும் 300 ஓமுக்கு ஏற்றியது. பேயர்டைனமிக்கோ 2021இல் வந்த டிடி 900 புரோ எக்ஸ் மாதிரியை 48 ஓமாக வைத்தது.

உன் 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு 110 டெசிபல் பெற 2.5 வோல்ட் வேண்டும். ஆனால் 1 வோல்ட்டிலேயே அது 102 டெசிபல் உச்சம் தரும். இக்காலத் திரைப்பாடல்கள் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே இடைவெளி குறைவாக இருக்கும்படி அழுத்தித் தயாரிக்கப்படுபவை. அவற்றுக்கு அந்த 102 போதும், போதும் என்பதற்கும் மேலே. செவியைக் காத்துக்கொள்ளவும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதே அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபல் ஏறும்தோறும் அந்த நேரம் பாதியாகிறது. புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்கும் எவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆப்பிளின் யு.எஸ்.பி.-சி டாங்கிள் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் பதிப்பு 0.5 வோல்ட்தான். சில ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் அந்த டாங்கிளின் உள் ஒலியளவு முழுவதும் ஏறுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்.

வால்வுக்காலம் எழுதியது:

சால்டர்வாசம் அவர்களின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், கணக்கு முடிந்த இடத்தில் தேர்வும் முடிந்துவிட்டது என்ற தொனியை ஏற்க இயலவில்லை. 300 ஓம் சென்ஹைசர்களையும் 600 ஓம் பேயர்டைனமிக்குகளையும் வைத்திருப்போர் பலர் ஏன் வெளியீட்டு மின்மாற்றி இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையரை நாடுகிறார்கள் என்பதற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது.

இவ்வகையை ஓ.டி.எல். என்று அழைக்கிறோம். வால்வு இயல்பிலேயே வோல்ட்டைத் தாராளமாகவும் மின்னோட்டத்தைச் சிக்கனமாகவும் தரும் கருவி. உயர் மின்மறுப்பு ஹெட்ஃபோன் கேட்பதும் அதையே. ஒலிபெருக்கியை வால்வால் இயக்க இடையில் மின்மாற்றி வேண்டும். 300 ஓமுக்கு அந்த இடையாள் தேவையில்லை. பாட்டில்ஹெட் நிறுவனத்தின் கிராக் என்ற, வாங்குபவரே பாகங்களைப் பொருத்திக்கொள்ளும் கட்டமைப்புப் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12ஏயு7 வால்வு ஒன்றும் 6080 வால்வு ஒன்றும் கொண்ட எளிய சுற்று. அதன் வெளியீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ 120 ஓம்.

குறைந்த மின்மறுப்பு ஹெட்ஃபோனை இத்தகைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டக் கூடாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். வெளியீட்டில் மின்தேக்கி ஒன்று இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 300 ஓம் சுமையில் அடித்தொனி 5 ஹெர்ட்ஸ் வரை குறையாமல் வரும்; 32 ஓம் சுமையிலோ 50 ஹெர்ட்ஸிலேயே தேயத் தொடங்கிவிடும். ஆகவே இது 300 ஓமுக்கு உரிய கருவி, அதற்கென்றே பொருந்தி வந்த கருவி.

நான் இதில் கேட்பது பெரும்பாலும் நாகஸ்வரமும் தவிலும். தவிலின் இடந்தலைக்கு வரும் கனமும், நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயி உறுத்தாமல் இருப்பதும் எனக்கு நிறைவளிக்கின்றன. இந்த நிறைவைக் கற்பனை என்று தள்ளிவிட நான் உடன்படமாட்டேன்.

சால்டர்வாசம் எழுதியது:

ஐயா, கற்பனை என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் கேட்கும் அந்தக் கனம் அளவுகருவியிலும் தெரியும். அதன் காரணத்தை விளக்குவது கார்வைக்கு உதவும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

எச்டி 600 ஹெட்ஃபோனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், அதன் சவ்வு இயல்பாக ஒத்ததிரும் இடத்தில், அது 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓமுக்குக் கீழே இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒலியைப் பாதிக்காது. 120 ஓம் இருந்தால், 300 ஓம் உள்ள அதிர்வெண்களில் 2.9 டெசிபல் இழப்பும், 500 ஓம் உள்ள இடத்தில் 1.9 டெசிபல் இழப்பும் ஏற்படும். எனவே 100 ஹெர்ட்ஸ் பகுதி மற்றவற்றை விட 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். தவிலின் இடந்தலை முழங்கும் பகுதியும் அதை ஒட்டியதே.

இதே 120 ஓமில், 32 ஓமிலிருந்து 64 ஓம் வரை மாறும் இயர்ஃபோனை மாட்டினால் வேறுபாடு 4 டெசிபலைத் தாண்டிவிடும். ஒலியின் நிறமே மாறிப்போகும். ஹெட்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு இருக்கலாகாது என்ற நடைமுறை விதி இதை முன்னிட்டே வந்தது. அந்த விதியை வெகுவாகப் பரப்பியவர் நவாவ்கை என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளர். 2011இல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை எவரும் கட்டிக்கொள்ளும்படி அவர் வெளியிட்டார். அதன் வெளியீட்டு மின்மறுப்பு அரை ஓம் அளவு. 600 ஓமில் 88 மில்லிவாட் தரும், அதாவது 7 வோல்ட்டுக்கு மேல். 2012க்குப் பிறகு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்; அவர் முன்வைத்த அளவுகோல் நிலைத்துவிட்டது. அந்த விதிக்கு நேர்மாறாக, ஐ.இ.சி. 61938 என்ற பன்னாட்டுத் தரம் ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்று குறிப்பிட்டிருந்ததையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பழைய கருவிகள் சிலவற்றில் அந்த எண் காணப்படுவது தற்செயல் இல்லை.

வால்வுக்காலம் ஐயா விரும்பும் அந்த 1 டெசிபலை, சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே இரு பக்கமும் 120 ஓம் மின்தடையைப் பற்றவைத்தும் பெறலாம். செலவு சில ரூபாய். அது பிடித்திருந்தால் வால்வுக்குப் போகலாம் என்பது என் கருத்து.

வால்வுக்காலம் எழுதியது:

மின்தடைச் சோதனை நல்ல யோசனை. புதியவர்களுக்கு நானும் இனி அதைச் சொல்வேன். ஆனால் அது வால்வின் அதிர்வெண் விளைவை மட்டுமே காட்டும். மின்னழுத்தம் ஏறும்போது வால்வு சேர்க்கும் இரண்டாம் இசைத்தொனியை, அதாவது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் தொனியை, மின்தடை சேர்க்காது. அது காதில் விழும் அளவா என்பதில் நாம் இருவரும் வேறுபடுகிறோம்; அந்த வேறுபாடு அப்படியே இருக்கட்டும்.

கட்டமைப்புப் பெட்டி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். உள்ளே 100 வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். 6080 வால்வின் இழையே 16 வாட் உண்ணும். தொட்டால் கை சுடும். குழந்தைகள் உள்ள வீட்டில் மேசையின் எந்த மூலையில் வைப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

மிக்ஸர்மேடை எழுதியது:

கார்வை அவர்களே, உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. திரைப்பாடல்கள் போதுமான அளவில் கேட்கின்றன, கச்சேரிப் பதிவுகள் கேட்கவில்லை என்கிறீர்கள். ஹெட்ஃபோனும் மடிக்கணினியும் மாறவில்லை; மாறியது பதிவு மட்டும். ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றுபவர்கள், மிருதங்கத்தின் திடீர் ஓங்கலில் சிதைவு வந்துவிடுமோ என்று பயந்து அளவைத் தாழ்த்தியே வைப்பது வழக்கம். ஒரு பதிவின் மிக உயர்ந்த உச்சமே, டிஜிட்டல் கோப்பு சிதையாமல் தாங்கும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நின்றால், உங்கள் மடிக்கணினி தரக்கூடிய வோல்ட்டில் கால் பங்குதான் எப்போதும் வெளியே வரும். ஆம்ப்ளிஃபையர் வாங்குமுன் இரண்டைச் சோதியுங்கள்.

முதலாவது, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, முழுக் கச்சேரியின் உச்சம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தனி ஆவர்த்தனத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தொடக்க வர்ணத்தை மட்டும் பார்த்து அளவை ஏற்றினால் தனியில் சிதையும்.

இரண்டாவது, மடிக்கணினி உண்மையில் எத்தனை வோல்ட் தருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் தூய தொனியை முழு அளவில் இயக்கி, பிரிப்பான் கேபிள் வழியாக ஹெட்ஃபோனும் மாட்டிய நிலையில், சாதாரண மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து அளக்கலாம். வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்த மலிவு மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் பிசகலாம், 50 ஹெர்ட்ஸில் பெரும்பாலும் சரியாகவே காட்டும். அளக்கும்போது ஹெட்ஃபோன் காதில் இருக்கவே கூடாது. அளந்த உடனே தொனியை நிறுத்திவிடுங்கள்.

கார்வை எழுதியது:

மிக்ஸர்மேடை அவர்களுக்கு மிக்க நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன். மடிக்கணினி தருவது 0.75 வோல்ட். கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவற்றின் உச்சம் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்கிறது. சில இன்னும் தாழ்வாக இருக்கின்றன. திரைப்பாடல்களோ எல்லையைத் தொட்டு நிற்கின்றன.

சால்டர்வாசம் அவர்களின் முறையில் கணக்கிட்டால், 0.75 வோல்ட்டில் எனக்குக் கிடைக்கும் உச்சம் ஏறத்தாழ 100 டெசிபல். கச்சேரிப் பதிவில் அதுவே 88 ஆகிவிடுகிறது. உச்சத்துக்கும் குரலின் சராசரிக்கும் 20 டெசிபல் இடைவெளி என்றால், பாட்டு 68 டெசிபலில்தான் ஒலிக்கிறது. குரல் எட்டத்தில் கேட்பதன் காரணம் இப்போது விளங்குகிறது.

இனி என் கேள்வி இரண்டு. பதிவுகளை மென்பொருளிலேயே உயர்த்திக்கொண்டால் தரம் குறையுமா? உயர்த்திய பிறகும் ஆம்ப்ளிஃபையர் தேவையா?

மிக்ஸர்மேடை எழுதியது:

தரம் குறையாது. 12 டெசிபல் உயர்த்தும்போது ஒலிநாடாவின் இரைச்சலும் சேர்ந்து உயரும். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் ஒலியளவைத் திருப்பினாலும் அதுவே நடக்கும். மூலக் கோப்பைத் தொடாமல், பாட்டை இயக்கும் மென்பொருளில் உள்ள, கோப்பை மாற்றாமல் ஒலியளவைச் சீராக்கும் ரீப்ளே கெயின் வசதியை உச்சம் தாண்டாத வகையில் அமைத்துப் பயன்படுத்துங்கள். பழைய பதிவுகள் அரிய செல்வம். அவற்றின் மூலக் கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள்.

இதைச் செய்த பிறகு உச்சம் 100 டெசிபலுக்கு வரும். அமைதியான அறையில் கேட்பவருக்கு இது போதும் என்றே நினைக்கிறேன். மின்விசிறி ஓடும் அறையில், திறந்த அமைப்புள்ள ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு இன்னும் சற்று வேண்டியிருக்கும்.

சால்டர்வாசம் எழுதியது:

மிக்ஸர்மேடை அவர்கள் கண்டுபிடித்தது இந்த இழையிலேயே முக்கியமானது. அதோடு சேர்த்து இரண்டாம் கேள்விக்கு விடை தருகிறேன்.

எல்லாக் கோப்புகளையும் சீராக்கிவிடும் பொறுமை இருந்தால், 2 வோல்ட் தரும் டாங்கிள் உங்களுக்குப் போதும். அது இப்போதையதை விட 8.5 டெசிபல் கூடுதலாகத் தரும். 4.4 மி.மீ. சமநிலை வெளியீடு (ஒவ்வொரு காதுக்கும் செல்லும் இரு கம்பிகளையும் எதிரெதிராக இயக்கும் வகை) உள்ள டாங்கிள்கள் சிலவற்றில் 4 வோல்ட் வரை கிடைக்கிறது. எச்டி 600 ஹெட்ஃபோனின் கேபிள் இரு பக்கமும் தனித்தனியாகக் கழற்றக்கூடியது என்பதால், கேபிளை மட்டும் மாற்றிச் சமநிலை வெளியீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரவுக்கேட்பு தம்பியின் டிடி 990 புரோவில் கேபிள் நிலையாகப் பொருத்தப்பட்டது. அதைப் பிரித்து மாற்றுவது இப்போதைக்கு வேண்டாம். சமநிலை என்றாலே ஒலி மேம்படும் என்று எண்ணிச் செலவழிக்கவும் வேண்டாம். நமக்கு அதில் கிடைக்கும் உறுதியான நன்மை இரட்டிப்பு மின்னழுத்தம், அதாவது 6 டெசிபல்.

மடிக்கணினியை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு செய்தி: 2021இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் புரோ முதல், செருகப்பட்ட ஹெட்ஃபோனின் மின்மறுப்பை அறிந்து, 150 ஓமுக்கு மேல் இருந்தால் 3 வோல்ட் வரை தரும் ஏற்பாடு இருக்கிறது. அப்படிப்பட்ட கணினி கையில் இருப்பவர் 300 ஓமுக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் தேட வேண்டிய அவசியம் அரிது.

கோப்புகளைத் தொட விரும்பாமல், எந்தப் பதிவையும் அப்படியே போட்டுக் கேட்க வேண்டும் என்றால் மேசை ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். 300 ஓமில் குறைந்தது 5 வோல்ட். வெளியீட்டு மின்மறுப்பு ஓரிரு ஓமுக்குள். இந்த இரண்டும் அமைந்துவிட்டால், கச்சேரிப் பதிவு 12 டெசிபல் தாழ்ந்திருந்தாலும் 104 டெசிபல் உச்சம் கிடைக்கும். விவரக் குறிப்பில் 300 ஓம் அளவு இல்லாமல் 32 ஓம் அளவு மட்டும் இருந்தால், வோல்ட் கணக்கை விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் வேறு பொருளைப் பார்ப்பதே நல்லது.

ஆம்ப்ளிஃபையர் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று அமைக்கும் கெயின் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 300 ஓம் என்றதும் எல்லோரும் உயர் கெயினைத் தட்டிவிடுகிறார்கள். சி.டி. இயக்கியோ, டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக மாற்றும் தனி டி.ஏ.சி.யோ தரும் வழக்கமான அளவு 2 வோல்ட். ஓ2 ஆம்ப்ளிஃபையரின் தாழ் கெயின் 2.5 மடங்கு, அதிலேயே 5 வோல்ட் வந்துவிடும். உயர் கெயின் 6.5 மடங்கு, 13 வோல்ட்டுக்கு அந்தச் சுற்றில் இடமே இல்லை, சிதைவுதான் வரும். மேலும், உயர் கெயினில் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். அந்தப் பகுதியில்தான் குமிழின் இடது வலது சமன் கெட்டிருக்கும். தாழ் கெயினில் வைத்துக் குமிழை நன்றாகத் திருப்பிக் கேளுங்கள்.

இரவுக்கேட்பு எழுதியது:

எங்கள் வீட்டில் ஒலிபெருக்கிகளுக்கான பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் 6.3 மி.மீ. ஹெட்ஃபோன் துளையும் உண்டு. அதில் டிடி 990 புரோவை மாட்டலாமா?

சால்டர்வாசம் எழுதியது:

தாராளமாக மாட்டலாம் தம்பி. உயர் மின்மறுப்பு ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் நல்ல வழி அதுவே. அத்தகைய கருவிகள் பலவற்றில் ஒலிபெருக்கி வெளியீட்டையே ஒரு மின்தடை வழியாக அந்தத் துளைக்குக் கொடுத்திருப்பார்கள். அது 330 ஓம் என்றும், ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில் 50 வாட் தருவது, அதாவது 20 வோல்ட், என்றும் கொண்டால், உன் 250 ஓமுக்கு 8 வோல்ட்டுக்கு மேல் வந்து சேரும். அடித்தொனி சற்றுத் தூக்கலாகக் கேட்கும். வால்வுக்காலம் ஐயாவுக்குப் பிடிக்கும் நிறம் உனக்கும் பிடிக்கிறதா என்று அதிலேயே அறிந்துகொள்ளலாம். முதலில் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, பிறகு மெல்ல ஏற்று. 8 வோல்ட் உன் செவிக்குத் தேவையே இல்லை.

கார்வை எழுதியது:

ரீப்ளே கெயின் அமைத்துக் கேட்டுவருகிறேன். குரல் அருகில் வந்துவிட்டது. ஆயினும் பகலில் மின்விசிறிச் சத்தத்தில் கீழ்ஸ்தாயிச் சங்கதிகள் மறைகின்றன. நண்பர்கள் தரும் புதிய பதிவுகளையும் உடனுக்குடன் கேட்க விரும்புகிறேன். எனவே சால்டர்வாசம் அவர்கள் சொன்ன இரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் மேசை ஆம்ப்ளிஃபையரை வாங்க முடிவு செய்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் வாங்கிவருவதாகச் சொல்கிறார். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

மிக்ஸர்மேடை எழுதியது:

உண்டு, அவசியம் கவனியுங்கள். ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம், ஷீட் மேக்னி போன்ற ஆம்ப்ளிஃபையர்கள் மாறுமின்னோட்டத்தையே வெளியிடும் மின்மாற்றி அடாப்டரில் ஓடுபவை. அமெரிக்காவில் விற்கும் பெட்டியில் அந்நாட்டு மின்னழுத்தத்துக்கான அடாப்டர் இருக்கும். நம் 230 வோல்ட்டில் அதைச் செருகினால் அடாப்டர் எரியும், ஆம்ப்ளிஃபையரும் பழுதாகலாம். தொலைபேசிச் சார்ஜரைப் போல 100 முதல் 240 வரை எதுவும் ஏற்கும் வகை இல்லை அது. வாங்கும்போதே 230 வோல்ட் அடாப்டர் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் நேர்மின்னோட்ட அடாப்டரை அதற்குப் பதிலாக மாட்டாதீர்கள்.

மடிக்கணினியைச் சார்ஜரோடு இணைத்துக் கேட்கும்போது உறுமல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றம் தரையிணைப்பில்தான், ஆம்ப்ளிஃபையரில் இல்லை.

சால்டர்வாசம் எழுதியது:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபையர் வந்ததும் பழையதோடு ஒப்பிட்டுக் கேட்க ஆசை வரும். இரண்டையும் மல்டிமீட்டரில் ஒரே வோல்ட்டுக்கு அமைத்த பிறகு ஒப்பிடுங்கள். அரை டெசிபல் உரக்க ஒலிப்பதைக் காது உரப்பு என்று உணராமல் தெளிவு என்றே உணரும். மின்சாரம் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். அக்கணங்களில் எழும் அதிர்ச்சி ஹெட்ஃபோனுக்குப் போகாமல் தடுக்கும் ரிலே காப்பு எல்லா ஆம்ப்ளிஃபையரிலும் இருப்பதில்லை.